வடக்கே புறப்படும் சிறகுகள்: தலைமன்னார் முனையின் பங்குனிக் காலைகள்

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மன்னாருக்குப் புலம்பெயர் பறவைகள் வந்து சேர்ந்துவிட்டன என்னும் செய்தி படத்துடன் எமது பத்திரிகைகளில் வெளியாகத் தவறுவதில்லை. பூநாரைகள் இளஞ்சிவப்பு வரிசையாக ஆழமற்ற நீரில் நிற்கும் அந்தப் படம் வாசகர் அனைவருக்கும் பழக்கமானது. ஆனால், வந்த விருந்தாளிகள் எப்போது, எவ்வாறு விடைபெற்றுச் செல்கின்றனர் என்பது பற்றி நாம் அதிகம் கேள்விப்படுவதில்லை. வருகைக்கு வரவேற்பு உண்டு. புறப்பாட்டுக்கு வழியனுப்புவோர் இல்லை. பறவையின் வாழ்வில் இவ்விரண்டில் கடினமானது புறப்பாடே. அதனைக் கண்ணால் காண்பதற்கு இலங்கையில் மிகப் பொருத்தமான இடம், மன்னார் தீவின் மேற்கு நுனியில் தலைமன்னாருக்கு அப்பால் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஊருமலை மணல்முனை ஆகும்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இதன் காரணம் தெளிவாகும். வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவே தனுஷ்கோடியை நோக்கி ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்துக்குச் சிதறிக் கிடக்கும் மணல்திட்டுகள். இந்துக்கள் சேது என்றும் முஸ்லிம்களும் ஏனையோரும் ஆதாம் பாலம் என்றும் வழங்கும் தொடர் இதுவே. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழி இது என்பதனால்தான் 1914 ஆம் ஆண்டில் புகையிரதமும் கப்பலும் இவ்வழியே இணைக்கப்பட்டன. பறவைகள் அதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வழியைக் கண்டுகொண்டிருந்தன. எமது தீவுக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருநிலம் ஏதும் இல்லை. வடக்கிலிருந்து வரும் பறவைக்கு இதுவே பயணத்தின் முடிவிடம். திரும்பும் பறவைக்கு இதுவே தொடக்கம்.

வசந்தம் என்றொரு பருவம் எமது நாட்டில் இல்லை. தலைமன்னார் மீனவர்கள் ஆண்டைக் காற்றுகளால் பகுத்து வைத்திருக்கின்றனர். வாடை வீசும் மாதங்களில் தீவின் வடகடல் கொந்தளிக்கத் தென்கடல் அமைதியாக இருக்கும். சோளகம் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களில் காற்று ஓய்ந்து, இருபுறமும் கடல் கண்ணாடியாகக் கிடக்கும். மீனவர்கள் வாடிகளைப் பெயர்த்துக் கரை மாறும் இக்காலமே பறவைகளும் புறப்பட ஆயத்தமாகும் காலம். சோளகம் வலுத்து வீசத் தொடங்குமுன் பெரும்பாலானவை சென்றுவிடும்.

இம்மாதங்களில் முனையைப் பார்க்க விரும்புவோர் சுபஹுத் தொழுகை முடியும் நேரத்தில், விடிவெள்ளி மறையுமுன் தலைமன்னார் பியரிலிருந்து நடக்கத் தொடங்குவது நல்லது. வெயில் ஏறிய பின்னர் மணற்பரப்பிலிருந்து எழும் கானல், தொலைநோக்கியில் தெரியும் உருவங்களை உருக்கிவிடும். மேலும், இம்முனை மேற்கு நோக்கியது. காலையில் சூரியன் நடப்பவரின் முதுகுப்பக்கம் இருப்பதால், முன்னே நிற்கும் பறவைகளின் மீது வெளிச்சம் நேராக விழும். மாலையில் அதே பறவைகள் கருநிழல்களாகவே தெரியும். இப்பிரதேசத்தில் கடற்படையின் பிரசன்னம் உள்ளபடியால் அடையாள அட்டையுடன் செல்வதும், உள்ளூரவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வதும் வீண் சிரமங்களைத் தவிர்க்கும்.

வழியிலேயே காட்சிகள் தொடங்கிவிடும். பனைமரங்களுக்கு இடையில் கௌதாரியின் குரல் கேட்கும். தலையில் விசிறிக் கொண்டையுடன் தரையைக் கொத்திக்கொண்டு திரியும் கொண்டலாத்தியை இங்கு காண்பது அரிதன்று. சுலைமான் நபியவர்களுக்கு ஸபா நாட்டின் செய்தியைக் கொண்டுவந்ததாகத் திருக்குர்ஆன் கூறும் ஹுத்ஹுத் இப்பறவைதான் என்பதை எமது முஸ்லிம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், மத்ரஸாவில் அக்கதையைக் கற்ற சிறுவர்கள் பலர் அப்பறவையை நேரில் கண்டிருப்பார்களா என்பது ஐயத்துக்குரியது.

மணல்முனையை அடைந்ததும் அவசரப்படாமல் நூறு அடிக்கு அப்பாலேயே நின்றுவிட வேண்டும். நீர் வற்றிய ஈரமணலில் கரைப்பறவைகள் நூற்றுக்கணக்கில் இரை தேடிக்கொண்டிருக்கும். மன்னார்க் கடலில் வற்றும் பெருக்கும் பெரிய அளவினவல்ல. ஆனால் தரை அத்தனை தட்டையானது என்பதால் ஓரடி நீர் இறங்கினாலே பரந்த உணவுத்தட்டு ஒன்று வெளிப்பட்டுவிடும். விரலளவே உள்ள கொசு உள்ளான் தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல மண்ணைக் குத்திக்கொண்டே ஓடும். உப்புக்கொத்தி ஓடி, நின்று, பார்த்து, ஒரே கொத்தில் புழுவை இழுக்கும். கல்திருப்பி உள்ளான் பெயருக்கேற்பச் சிப்பிகளையும் பாசியையும் புரட்டிப் பார்க்கும். நீண்ட அலகுடைய மூக்கன் கண்வரை மண்ணில் புதைக்கும். கறுப்பும் வெள்ளையுமான உடலும் தடித்த கரிய அலகும் கொண்டு நண்டுகளையே முக்கியமாகக் குறிவைத்து உலவும் நண்டுதின்னிப் பறவையை இலங்கையில் காண விரும்புவோர் இம்முனையைத் தேடியே வருகின்றனர். ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு நீள அலகு. ஒவ்வொரு நீளத்துக்கும் மண்ணின் ஒவ்வோர் ஆழம். ஒரே கரையில் இத்தனை இனங்கள் சண்டையின்றிப் பந்தியமர்வது இந்த ஏற்பாட்டினாலேயே.

ஜனவரியில் இதே இடத்தில் நின்ற ஒருவர் பங்குனியில் மீண்டும் வந்தால், வேறு பறவைகளோ என மயங்குவார். மாரிக்காலத்தில் சாம்பல் நிறமாக, ஒன்றுக்கொன்று வேறுபாடின்றி இருந்தவை இப்போது வண்ணம் ஏறி நிற்கும். உப்புக்கொத்தியின் மார்பில் செம்மஞ்சள் பட்டை தோன்றும். வளைமூக்கு உள்ளானும் ஆண் மூக்கனும் செங்கல் நிறமாகும். வெண்தலையில் ஒரு கரும்புள்ளியுடன் இருந்த கடற்காகங்கள் கபில நிற முக்காடு அணிந்தாற்போல் தலை கறுத்துத் தோன்றும். பிறந்த மண்ணில் இணை தேடுவதற்கான அலங்காரம் இது. ஊருக்குப் போகுமுன் புத்தாடை வாங்குவதைப் போன்றதே.

வெளியே நிகழும் இம்மாற்றத்தைவிட வியப்புக்குரியது உள்ளே நிகழ்வது. நெடுந்தூரம் பறக்கும் கரைப்பறவைகள் புறப்படுமுன் சில வாரங்கள் இடையறாது உண்டு கொழுப்பைச் சேமிக்கின்றன. சில இனங்களில் உடல் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. போதிய அளவு சேர்ந்ததும், பயணத்தின்போது பயன்படாத இரைப்பை, குடல், ஈரல் ஆகிய உறுப்புகள் சுருங்கி எடை குறைவதைப் பட்டைவால் மூக்கன்களில் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்துள்ளனர். பயணச் சுமையைக் குறைக்கத் தன் வயிற்றையே சுருக்கிக்கொள்ளும் பயணி வேறு யார் உளர்? இவ்வினத்தைச் சேர்ந்த இளம்பறவை ஒன்று 2022 ஒக்டோபரில் அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியா வரை 13,560 கிலோமீற்றர் தூரத்தைப் பதினொரு நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது கருவி மூலம் பதிவாகியுள்ளது. தலைமன்னாரிலிருந்து செல்பவை வேறு வழியில் செல்பவை. இடையிடையே தங்கிச் செல்லக்கூடியவை. எனினும் உடலின் கணக்கு ஒன்றுதான்.

அக்கணக்கில் ஒரு நாள் பிசகினாலும் பாதிப்பு உண்டு. உண்டுகொண்டிருக்கும் கூட்டத்தை நாயொன்று விரட்டினால், அல்லது படமெடுக்கும் ஆசையில் ஒருவர் நெருங்கிச் சென்று கூட்டம் முழுவதையும் எழுப்பினால், சேமித்த கொழுப்பில் ஒரு பங்கு அந்த வீண் பறத்தலில் எரிந்துவிடும். ஆளில்லா வானூர்திக் கமெராக்களை இவற்றின் மேலே பறக்கவிடுவோர் இதனை அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. அறிந்தும் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

காலையில் காண்பது உண்ணும் காட்சியே, புறப்பாடு அன்று. கரைப்பறவைகள் பெரும்பாலும் மாலையில், சூரியன் சாயும் வேளையிலேயே எழுகின்றன. நாள் முழுவதும் அமைதியற்று அங்குமிங்கும் எழுந்தமர்ந்த கூட்டம் ஒன்று திடீரென உரத்துக் குரலெழுப்பியவாறு வானில் ஏறி, இரண்டொரு வட்டமிட்டு, கோடாக நீண்டு வடக்கே மறையும். மறுநாள் காலை அதே மணலில் எண்ணிக்கை குறைந்திருக்கும். தொடர்ந்து ஒரு வாரம் காலைதோறும் எண்ணுபவருக்கே அந்தக் குறைவு புலப்படும்.

எங்கே போகின்றன? உப்புக்கொத்திகளில் ஒரு சாரார் இமயத்துக்கு அப்பாலுள்ள உயர்ந்த மேட்டுநிலங்களுக்குச் செல்கின்றனர். உள்ளான்களும் கடற்காகங்களும் இன்னும் தொலைவே செல்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சம்பத் செனவிரத்ன தலைமையிலான குழுவினர் 2021 ஆம் ஆண்டில் மன்னாரில் பெரிய கடற்காகங்களைப் பிடித்து, செய்மதி வழியே இடமறியும் சிறு கருவிகளைப் பொருத்தினர். ‘மேகா’ எனப் பெயரிடப்பட்ட ஒன்று இந்தியத் துணைக்கண்டத்தையும் மத்திய ஆசியாவையும் கடந்து, ரஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் தீபகற்பத்தை அடைந்தது. நேர்கோட்டில் அளந்தாலும் 6,500 கிலோமீற்றருக்குக் குறையாத தூரம் அது. மன்னார்க் கரையில் மீன்குடல் பொறுக்கித் திரிந்த பறவை, இரவே இல்லாத துருவக் கோடையில் குஞ்சு பொரிக்கச் சென்றது என்பதை ஊகமாக அன்றிச் சான்றுடன் நாம் அறிந்துகொண்டது அப்போதுதான். வடதுருவத்திலிருந்து இந்து சமுத்திரம் வரை ஏறத்தாழ 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் இப்பாதையை மத்திய ஆசியப் பறப்புவழி என்பர்.

தமிழருக்கு இச்செய்தி முற்றிலும் புதிதன்று. சத்திமுத்தப் புலவர், தென்திசை சென்று வடக்கே திரும்பும் நாரையிடம் தம் வறுமையைச் சொல்லித் தூதனுப்பிய பாடலைப் பள்ளியில் படிக்காதவர் குறைவு. நாரை எந்தத் திசையிலிருந்து வந்து எந்தத் திசைக்குத் திரும்பும் என்பதை அவர் சரியாகவே அறிந்திருந்தார். அவ்வாறு வானத்தைக் கவனித்த ஒரு மொழியில், இன்று எமது கரைகளுக்கு வரும் பறவைகளின் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்றும் உண்டு. மூன்று தசாப்தப் போரில் மன்னார்த் தீவு மூடிய கதவாகவே இருந்தது. 1990 இல் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலான ஊர்கள் வெறிச்சோடின. தமிழ்க் குடும்பங்கள் இருட்டில் படகேறி இராமேஸ்வரம் நோக்கிச் சென்றன. பறவைகள் அமரும் அதே மணல்திட்டுகளில் படகோட்டிகளால் இறக்கிவிடப்பட்டு, குழந்தைகளுடன் காத்து நின்ற மனிதர்களின் கதைகள் இரு கரைகளிலும் உண்டு. பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த 2022 மார்ச்சிலும் அவ்வாறு திட்டில் விடப்பட்ட குடும்பத்தினரை இந்தியக் கரையோரக் காவற்படை மீட்டது. உயிரைக் காத்துக்கொள்ள ஓடியவர்களுக்கு உள்ளானை எண்ண நேரம் எங்கிருந்து வரும்? புதிய பாலம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. தலைமன்னார் வரையான புகையிரதப் பாதை 2015 மார்ச்சில் மீண்டது. வங்காலை 2008 இல் சரணாலயமாகவும், 2010 இல் 4,839 ஹெக்டயர் பரப்புடன் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் ஆனது. ஆதாம் பாலம் 2015 இல் தேசியப் பூங்காவானது. கதவு திறந்து, பறவைகளைப் பார்க்கவும் எழுதவும் ஆட்கள் வரத் தொடங்கிய வேளையிலேயே காற்றாலைகளும் வந்து சேர்ந்தன.

இவ்விடயத்தில் உணர்ச்சிவசப்படாமல் பேசுவது அவசியம். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நாடு இது. எரிபொருளுக்கு அந்நியச் செலாவணி இல்லாமல் வரிசையில் நின்ற எவரும் காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதை வேண்டாமென்று எளிதில் சொல்ல மாட்டார். மின்சார சபையின் ‘தம்பபவனி’ காற்றாலைத் தொகுதி, தீவின் தென்கரையில் 30 கோபுரங்களுடன் 103.5 மெகாவோட் வலுவில் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அடுத்து, இந்தியாவின் அதானி நிறுவனம் 52 கோபுரங்களுடன் மன்னாரில் 250 மெகாவோட் திட்டத்தை முன்வைத்தது. சூழல் அமைப்புகள் உள்ளிட்டோர் 2024 இல் உயர் நீதிமன்றத்தை நாடினர். மின்சார விலை பற்றிய சர்ச்சையும் சேர்ந்துகொள்ள, 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகியது. வேறு நிறுவனங்களின் கோபுரங்களுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினர். ஜனாதிபதி ஒரு மாதம் பணிகளை இடைநிறுத்தினார். பின்னர் தொடர முடிவாகி, செப்டெம்பர் 26 இரவு பொலிஸாருக்கும் போராட்டக்காரருக்கும் இடையே கைகலப்பு மூண்டது. வெள்ளம் வடியாமை, மீன்பிடிப் பாதிப்பு, காணி, இல்மனைட் மணல் அகழ்வு பற்றிய அச்சம் எனப் பல முறைப்பாடுகள் அப்போராட்டத்தில் ஒலித்தன. பறவைகள் அவற்றில் ஒன்று.

பறவைகளின் பொருட்டு எழும் கேள்வியைக் காற்றாலை வேண்டுமா, வேண்டாமா என்று சுருக்கிவிடுவதால் பயனில்லை. எங்கே, எந்த மாதத்தில், எந்த மணிநேரத்தில் என்று கேட்க வேண்டும். மன்னாரில் காற்று மிக வலுவாக வீசுவது மே முதல் செப்டெம்பர் வரையான சோளக காலத்தில். அப்போது வடக்கிலிருந்து வந்த பறவைகளில் பெரும்பாலானவை இங்கில்லை. அவை கூட்டங்கூட்டமாக ஏறியிறங்கும் வாரங்கள் அப்பருவத்தின் இரு விளிம்புகளில் வருகின்றன. ஐரோப்பாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையே தலைமன்னாரைப் போன்றே பறவைகள் குவியும் முனை, தென் ஸ்பெயினின் தரிஃபா. அப்பகுதிக் காற்றாலைகளில் பயிற்சி பெற்ற அவதானிகள் நின்று, ஆபத்தான நிலையில் பறவைகள் நெருங்கும்போது உரிய கோபுரத்தை மட்டும் சற்று நேரம் நிறுத்தினர். கழுகுகளின் இறப்பு ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. மின் உற்பத்தியில் ஏற்பட்ட இழப்போ ஆண்டுக்கு 0.07 சதவீதமே என 2012 இல் வெளியான ஆய்வு காட்டியது. பிணந்தின்னிக் கழுகு பகலில் பறப்பது, உருவில் பெரியது. எமது உள்ளான்கள் சிறியவை, இருட்டில் எழுபவை. ஆகவே அங்கு செய்ததை அப்படியே இங்கு செய்ய இயலாது. ஆயினும் அளந்து பார்த்து முடிவெடுக்கலாம் என்பதற்கு அது சான்று.

கோபுரங்களைவிட மின்கம்பிகள் பேசப்படுவது குறைவு. தாழப் பறந்து வரும் பூநாரைக்கும் வாத்துக்கும் அதிகாலை மங்கலில் கம்பி தெரிவதில்லை. வங்காலை ஈரநிலத்தைக் கடந்து செல்லும் கம்பிகளில் மோதிப் பறவைகள் இறந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். கம்பிகளில் பிரகாசமான அடையாளத் தட்டுகளைத் தொங்கவிடுவதும், ஈரநிலத்தைத் தவிர்த்துப் பாதையமைப்பதும் உலகெங்கும் கைக்கொள்ளப்படும் முறைகள்.

அளந்து பார்ப்பதற்கு எண்ணிக்கை வேண்டும். இலங்கைக் கள பறவையியல் குழு போன்ற அமைப்புகள் பங்குகொள்ளும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறுகிறது. பறவைகள் தங்கியிருக்கும் நிலையை அது காட்டும். புறப்படும் வாரங்களைக் காட்டாது. சூழல் தாக்க மதிப்பீட்டுக்காகக் கொழும்பிலிருந்து சில நாட்களுக்கு வந்து செல்லும் குழுவுக்கும் அது அகப்படுவது கடினம். பங்குனி முதல் நாள் தொடங்கிச் சித்திரை இறுதி வரை நாள் தவறாமல் முனைக்குச் செல்லக்கூடியவர்கள் அங்கேயே வாழ்பவர்கள்தாம். பேசாலையின், தலைமன்னாரின், எருக்கலம்பிட்டியின் பாடசாலை மாணவர் இருபது பேருக்கு இரண்டு தொலைநோக்கிகளும் தமிழ்ப் பெயர்களுடன் ஒரு படப்பட்டியலும் கிடைத்தால், ஐந்தாண்டுகளில் எந்த நிறுவனத்தின் அறிக்கையையும் உரசிப் பார்க்கக்கூடிய குறிப்பேடு ஒன்று உருவாகிவிடும். நீதிமன்றத்தில் இதே நிலத்தைப் பற்றி வாதிடும்போது மன்னாரவர் முன்வைக்கும் தாள் அவர்கள் கையால் எழுதியதாக இருக்கும்.

கொழும்பிலுள்ளவர்கள் இதற்காக மன்னார் வரை போக வேண்டும் என்பதுமில்லை. மட்டக்குளி காக்கைதீவில், களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தில், ஒரு பங்குனிக் காலை நின்றால் தலை கறுக்கத் தொடங்கிய கடற்காகங்களையும் ஆலாக்களையும் அங்கும் பார்க்கலாம். குப்பையையும் நாற்றத்தையும் சற்றுச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பறவைகள் சகித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

எதிர்க்கரையில் தமிழக அரசு 2025 ஜூனில் தனுஷ்கோடியின் ஏறத்தாழ 525 ஹெக்டயர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. இப்பறப்புவழிக்கான நாடுகளின் கூட்டு முயற்சி ஒன்றுக்கு 2024 இல் சமர்க்கந்தில் கூடிய மாநாடு இணங்கி, அதன் ஒருங்கிணைப்பை இந்தியாவிடம் ஒப்படைத்தது. அதே வானத்தின் கீழ் 30 கிலோமீற்றர் இடைவெளியில் இரு பாதுகாப்புப் பிரதேசங்கள் இருக்கின்றன. காலையில் இக்கரையில் இரை பொறுக்கும் பறவைக்கு மாலையில் அக்கரை எட்டாத தூரமன்று. கைதான மீனவர்களைப் பற்றி மட்டுமே இவ்விரு கரைகளும் பேசிக்கொள்ளும் நிலை மாறி, பறவைக் கணக்குகளையும் பரிமாறிக்கொள்ளும் நாள் வருமா தெரியவில்லை.

வைகாசியில் ஊருமலையின் ஈரமணல் ஏறக்குறைய வெறுமையாகிவிடும். முற்றிலும் அன்று. இன்னும் இணைசேரும் வயதை எட்டாத இளம்பறவைகள் சில, வண்ணம் ஏறாத சாம்பல் உடலுடன், வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். அப்போது ஆதாம் பாலத்தின் ஆளில்லாத திட்டுகளில் ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடத் தொடங்கும். சோளகம் வீசிக் காற்றாலைகள் முழுவேகத்தில் சுழலும் மாதங்களும் அவைதாம்.